ஏழு விநாடி

மார்ச் 4

டாங்கிக் குழுக்களின் சுடுபயிற்சிக் குறிக்கோள்களை எழுதும் வேலை இந்த வருடம் என் தலையில். இலக்கு கண்ணில் பட்டதிலிருந்து குண்டை ஏற்றிச் சுடும்வரை பத்து விநாடி. பல வருடமாக இதுதான். மூன்றாம் டாங்கியின் கமாண்டர் என் தங்கை புருஷன். பத்து விநாடி என்றால் தேறிவிடுவான், பதவி உயர்வும் வாங்கிவிடுவான். அவன் துரத்திவிட்ட என் தங்கை, ஒற்றைப் பையோடு என் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறாள்.

மார்ச் 6

ஏழு என்று எழுதினேன். அவன் குழு ஒருநாளும் ஒன்பதுக்குக் கீழே வந்ததில்லை. மேலதிகாரி ஏன் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 11

கேண்டீனில் எல்லார் முன்னாலும் வந்து நின்றான்.

"வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்குங்க மச்சான். ஏழு செகண்டுல எவன் சுடுவான்?"

"முடியலன்னா எறங்கிக்கடா."

அவன் முகம் சுண்டிப்போனது. இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 12

தங்கையிடம் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று. "நான் உன்னக் கேட்டனாண்ணா?" என்று எழுந்து போய்விட்டாள். போகட்டும். அவனை விடுவதாக இல்லை.

மார்ச் 19

எட்டரை விநாடிக்கு வந்துவிட்டான், பாவி.

மார்ச் 23

அவன் டாங்கியில் குண்டு ஏற்றும் லோடரின் கை. குண்டைத் தள்ளிவிட்டுக் கையை எடுப்பதற்குள் பீரங்கியின் பின்மூடி விழுந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கடிகாரம் பிடித்திருந்தவன் நான்.

அவன்தான் விரட்டினான். அறிக்கையில் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

மார்ச் 24

ஆஸ்பத்திரி. பதினாறு வருட சர்வீஸ் அந்த லோடருக்கு. எங்கள் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாத மனுஷன். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன் – எப்படி உரிப்பார் என்று யோசிக்காமல்.

"கமாண்டர் பாத்து, பாத்துன்னுதான் சார் சொன்னாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." பிறகு, "அந்த ஏழு செகண்டு எதுக்கு சார்?"

ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

மார்ச் 25

அறிக்கையைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினேன். எந்தச் சோதனையும் செய்யாமல், ஒருவனைத் தோற்கடிக்கவே ஏழு என்று வைத்தேன். அப்படியேதான் எழுதினேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்றார் மேலதிகாரி. ஏழு விநாடித் தாளின் கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறதே!

ஏப்ரல் 17

என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். குறிக்கோள் மறுபடி பத்து விநாடி. ஒரு வரி புதிது: லோடரின் கை வெளியே வந்ததைக் கமாண்டர் பார்க்காமல் சுட்டால், எத்தனை விநாடியானாலும் தோல்வி. மூன்றாம் டாங்கி தேறியது.

மதியம் அவன் ஒரு போல்ட் வாங்க வந்தான். மேசைமேல் வைத்தேன். இன்னமும் அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவனுக்கும் அப்படித்தான். கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"லோடருக்கு ஆபீஸ் வேலை குடுத்துட்டாங்க. எடது கையில எழுதிப் பழகறாரு."