தீவுக்குப் போகிற பெண்கள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி வேன் தாமதம். குடையை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், வழக்கம்போல.

கடுகு மஞ்சள் மறுபடியும் ரிஜெக்ட். குழந்தைகள் பைஜாமா ஆர்டர், மொத்தமும் இந்த ஒரு கலரில் நிற்கிறது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் எழுதியிருப்பது: 'இன்னும் கொஞ்சம் சூடாக வேண்டும்.' துணிக்கு எப்படிச் சூடு ஏற்றுவது? சாயப்பட்டறை மாஸ்டரைக் கேட்டால், "மேடம், கடுகு கடுகாட்டத்தானுங்க இருக்கும்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

எங்கள் சர்ச் பாஸ்டரம்மா கொடுத்த ஆறு நாவல்களில் இரண்டாவது பாதி தாண்டிவிட்டது. இங்கிலீஷ். கிறிஸ்தவக் காதல் கதைகள். அமெரிக்காவில் ஏதோ குட்டித் தீவு, ஒரு சர்ச், ஒரு பேக்கரி, ஒரு ஃபெர்ரி. பின்னட்டைகளைப் பார்த்தால் ஆறு புத்தகத்துக்கும் அதே தீவுதான். "படிச்சுப் பாரும்மா பியூலா, ஆண்டவர் உன்கூடப் பேசுவார்" என்று கையில் திணித்தார். இதுவரை பேசியது பேக்கரிக்காரி மட்டும்.

எரிச்சல்கள்:
– அந்தத் தீவில் ஒருத்தருக்கும் வேலை இல்லை. படகு ரிப்பேர் செய்யும் டேனியல் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு நாயோடு கடற்கரையில் நடக்கிறான். கரன்ட் பில் யார் கட்டுவது?
– கதாநாயகி லோரா. பெரிய நகரத்தில் நல்ல வேலை. லீவுக்கு வந்தவள், தீவில் நாலு கேக் சுட்டதும் 'இதுதான் என் வீடு' என்கிறாள்.
– ஜெபம் பண்ணிக் கண்ணைத் திறந்தால் அவளுக்கு வானவில். எனக்குப் பையரின் மெயில்.
– முத்தம் கடைசி அத்தியாயத்தில்தான். அதுவரை காபி, காபி, காபி.

இவ்வளவு திட்டியும் கீழே வைக்க முடியவில்லை. அதுதான் பெரிய எரிச்சல்.

மதிய இடைவேளையில், பெண் பார்த்துவிட்டுப் போன ஸ்டீபனின் மெசேஜ். 'சாப்டாச்சா?' தினமும் அதே நேரம், அதே ஒரு வார்த்தை. 'ஆச்சு' என்று போட்டேன். அத்தோடு சரி.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

வேனில் கதை நேரம். இந்தப் பழக்கம் சுமதி அக்காவால் வந்தது. செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவர், எப்போதும் என் பக்கத்து சீட். நான் புத்தகத்தை முறைத்துக்கொண்டே படிப்பதைப் பார்த்து ஒரு நாள், "யாரை கண்ணு இப்படித் திட்டறீங்க?" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். இப்போது வேன் முழுக்கக் கேட்கிறது. டிரைவர் கந்தசாமி அண்ணன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

இன்று, லோரா வேலையை ராஜினாமா செய்த அத்தியாயம்.

"வேலைய உட்டுப்போட்டாளா?" சுமதி அக்கா. "எதுக்குங்க?"

"தீவு பிடிச்சுப் போச்சாம் அக்கா."

"புடிச்சா லீவுக்குப் போயிப் பாத்துட்டு வரோணும். பி.எஃப். எல்லாம் என்னாச்சுங்க?"

லோராவின் பி.எஃப். பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பின்சீட்டிலிருந்து ரீனா, ஜார்க்கண்ட் பெண், ஓவர்லாக் டெய்லர், எட்டிக் கேட்டாள்: "அக்கா, அந்த ஆளு அவளுக்கு சமையல் பண்ணுமா?" பண்ணுவான், மீன் சுடுவான் என்றேன். "அப்போ ஓகே" என்றாள். வேனே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை இங்கேயாவது எழுதுகிறேன். ஸ்டீபன் வீடும் தீவுதான். பாம்பன். பாஸ்டரம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அப்பா இறந்த பிறகு மீன் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் குடும்பத்து ஐஸ் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறார். முப்பத்தி நாலு வயது, நல்ல மாதிரி, குடி இல்லை. போன மாதம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் வேலையை விட்டுவிட்டுத் தீவுக்குப் போக வேண்டும். அதை யாரும் ஒரு நிபந்தனையாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாத விஷயம்போல.

அம்மா: "முப்பத்தொண்ணு முடியப் போவுது. அந்தப் பிள்ளைக்கி என்ன கொறச்சல்?"

அப்பா டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல்: "உன் இஷ்டம்மா."

இந்த 'உன் இஷ்டம்' கேட்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பர் 5, புதன்

கலர் மூன்றாம் முறை அனுப்பியாச்சு. கொரியர்காரர் மழையில் நனைந்துகொண்டே வந்தார். பாவம்.

சாயங்காலம் அம்மா பாஸ்டரம்மாவோடு போனில். ஸ்பீக்கரில் போட்டிருந்தது தெரியாமல் அவர் பேசியது என் அறைவரைக்கும் கேட்டது: "தீவுன்னா பிள்ள பயப்படுவாளேன்னுதான் அந்த புக்ஸ் எல்லாம் தேடிக் குடுத்தேன். படிக்கிறாளா?"

"ராவும் பகலும் அதையேதான் படிக்கிறா" என்று அம்மா பெருமையோடு.

அப்படியா சங்கதி! ஆண்டவர் பேசுவார் என்றது இதைத்தானா? ஆறு புத்தகம், ஆறு பெண்கள், பின்னட்டைப்படி ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டுத் தீவுக்குப் போகிறார்கள். நான் ஏழாவது. எனக்குத் தெரியாமலே என்னைப் பதம் பார்த்து ஊறவைத்திருக்கிறார்கள், இட்லிக்கு அரிசி மாதிரி. இரண்டாவது புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். பிறகு குனிந்து எடுத்தேன். இன்னும் நாற்பது பக்கம் இருந்தது. என் மானங்கெட்ட மூளை!

நவம்பர் 6, வியாழன்

வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வாம். பாம்பனில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியாச்சு. படகு எதுவும் போகவில்லை, ஐஸ் விற்கவில்லை, அதனால் ஸ்டீபனுக்கு நேரம் கிடைத்து போன் செய்தார். காதலுக்குப் புயல் உதவுகிறது, நாவல்போலவே. ஆனால் பேச்சு?

"சாப்டாச்சா?" "ஆச்சு." "அங்க மழையா?" "தூறல்." "இங்க காத்து."

சரி என்று நானே நாவலின் புயல் கட்டத்தைச் சொன்னேன். லோரா கரையில் அழ, டேனியல் அலையில் படகை ஓட்டிக்கொண்டு வந்து அவளைத் தேடுவான்.

"காத்தடிக்கையில எவன் படகை எடுப்பான்? கூண்டு ஏத்தின பெறகு கடலுக்குப் போனா மீன்பிடி டோக்கன கட் பண்ணிருவாங்க" என்றார் ஸ்டீபன், நிஜமான கவலையோடு.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நல்ல சிரிப்பு. போனை வைத்த பிறகுதான் உறைத்தது: பத்து நாளாகப் பேசுகிறோம், நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு தடவை கேட்கவில்லை. 'கம்பெனியில இருக்கீங்க' என்பார். அவ்வளவுதான்.

இந்தக் கம்பெனியில் ஏழு வருடம். சேர்ந்த புதிதில் எனக்கு மெயில் எழுதவே விடமாட்டார்கள். சாம்பிளை மடித்துக் கவரில் போடுவதுதான் வேலை. இன்று பையர் என் பேரைச் சொல்லி, 'பியூலா பார்த்தால் போதும்' என்கிறான். இதை மடித்து எந்தப் பெட்டியில் வைத்துக்கொண்டு பாம்பனுக்குப் போவது? நினைத்தால் அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது.

நவம்பர் 7, வெள்ளி

வேனில் இரண்டாம் நாவலின் முடிவு. லோரா நகரத்து வீட்டைக் காலி செய்து, பெட்டியோடு ஃபெர்ரியில் வந்து இறங்குகிறாள். டேனியல் படித்துறையில் இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறான். சர்ச் மணி. முத்தம்.

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் தட்டவில்லை. கோயில்வழி ஸ்டாப் தாண்டியதும் சுமதி அக்கா கேட்டார்:

"ஏனுங்க கண்ணு, அந்தப் பையன் இக்கட்டால, இவ ஊருக்கு, வந்திருந்தா ஆவாதுங்களா?"

"எந்தப் பையன்?"

"படகுக்காரன்தானுங்க. அவ ஊருல படகு ரிப்பேரு இல்லாட்டி, வேற வேல இல்லாமயா போயிரும்? ஒரு பேச்சுக்காச்சும் வாறன்னு சொல்லோணுமில்ல."

கந்தசாமி அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "அதான!" என்றார்.

ஆறு நாவல் எழுதியவருக்குத் தோன்றவில்லை. பாஸ்டரம்மாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கேகூடத் தோன்றவில்லை. நான் போவதா வேண்டாமா என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டுப்பார்க்கலாமா? கேட்டால் திமிர் என்பார்கள்.

நவம்பர் 8, சனி

கேட்டுவிட்டேன்.

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகிற சாக்கில் ஸ்டீபனுக்கு போன் போட்டேன். "ஒண்ணு கேக்கட்டுமா? கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க திருப்பூர் வர முடியுமா?"

"நானா? அங்க வந்து நான் என்ன செய்ய?" என்றார். "கடல் இல்ல. மீனு இல்ல. எனக்குத் தெரிஞ்ச தொழிலு..." பாதியில் நின்றார். "நீங்க இங்க வந்து என்ன செய்வீங்கன்னு நான் கேக்கவே இல்ல, என்ன?"

"கேக்கல."

"கேட்டிருக்கணும். என்ன வேலை பாக்குறீங்க, சொல்லுங்க."

சொன்னேன். கலர், சாம்பிள், பையர், சாயப்பட்டறை, எல்லாம். தூறல் வந்து கொடியில் பாதித் துணி நனைந்தது. கடுகு மஞ்சள் என்றதும், "கடுகு கருப்பாத்தான இருக்கும்?" என்று கேட்டார். இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

அப்புறம் சொன்னார்: "என்னால வர முடியாதுங்க. அப்பா போன பெறகு பிளான்ட்டு எந்தலையில. நீங்களும் இதை விட்டுட்டு வர வேணாம். நாளைக்கு நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க. எங்க பக்கமிருந்து வேண்டாம்னு வந்தா, பொண்ணுகிட்ட என்ன கொறையோன்னு ஊரு பேசும். எங்கம்மாவ நான் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டார்.

டேனியல் இரண்டு பக்கம் பேசினான். அதில் இப்படி ஒரு வரி உண்டா? இந்த மனுஷன் இதை ஏன் இன்றைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்? 'சாப்டாச்சா' மட்டும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா செருப்புப் போடக்கூட விடவில்லை. "என்னம்மா, ஆண்டவர் பேசினாரா?"

"பேசினார் ஆன்ட்டி. வேண்டாம்னுட்டார்."

பொய். ஆண்டவர் வாயே திறக்கவில்லை. சொன்னது ஸ்டீபன். அதை வெளியே சொன்னால் அவர் செய்தது வீணாகிவிடும்.

"அந்தப் பையன்கிட்ட என்னம்மா குறை கண்ட?"

"ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி."

"அப்புறம் என்ன?"

பையிலிருந்து ஆறு நாவல்களையும் எடுத்துக் கொடுத்தேன். நாலு படிக்கவே இல்லை. "கடைசி புக்தான் ரொம்ப நல்லாருக்கும்" என்றார், கோபத்தின் நடுவிலும். பாவம், அவருக்கு அந்தக் கதைகள் நிஜமாகவே பிடிக்கும்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். வீட்டில் மீன் வாங்கி வைத்திருந்தும் குழம்பு வைக்கவில்லை. ரசம்தான். அப்பா என் தட்டில் அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தார். 'உன் இஷ்டம்' என்று இன்று சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வெயில். பாம்பனில் கூண்டு இறக்கியாச்சு என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு எதற்கு அந்தச் செய்தி?

கடுகு மஞ்சள் அப்ரூவ்டு! பையர் மெயிலில் கூடவே ஒரு சூரியன் பொம்மையும் போட்டிருக்கிறான். எம்.டி. என் டேபிளுக்கே வந்து, "சூப்பர் பியூலா" என்றார். ஆர்டர் ஓடும். சந்தோஷப்பட வேண்டும். நாளைக்குப் படுவேன்.

மதிய இடைவேளை. போன் மேஜையில். அந்த நேரம் வந்தது, போனது. மெசேஜ் இல்லை. வேண்டாம் என்றது நான். பிறகு எதற்கு அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

வேனில் சுமதி அக்கா: "மூணாவது கத ஆரம்பிக்கலீங்களா?"

புத்தகம் கையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானே சொல்லத் தொடங்கினேன். "ஒரு பொண்ணு. தீவுல இருந்து ஒருத்தன் கேட்டான். வரலைன்னுட்டா."

"அட! அப்புறம்?" ரீனா.

"அப்புறம் என்ன, வேலைக்குப் போனா."

"அந்த ஆளு, அக்கா?"

"அவன் ஐஸ் பிளான்ட்டுல இருக்கான்."

நாவல் தீவில் ஏது ஐஸ் பிளான்ட்? சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். ரீனா கவனிக்கவில்லை. கந்தசாமி அண்ணன் பாட்டைக் கூட்டி வைத்தார். சுமதி அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக:

"சாப்டீங்களா கண்ணு?"

"சாப்டேன் அக்கா" என்றேன். மடியில் டிபன் பாக்ஸ் காலையில் இருந்த கனத்திலேயே இருந்தது.