மூன்றாவது ஓலை

என் ரெஜினா அக்காவுக்கு,

நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது. காரைக்காலில் யாரைக் கேட்டாலும் முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கல்லில் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கல்லுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

உன் ஊர் நூலகத்திலிருந்து டோனா என்று ஓர் அம்மாள் கடிதம் போட்டிருக்கிறார். அமெரிக்காவின் நடுவில், சோளக் காடுகளுக்கு மத்தியில், ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரின் பெயர் எனக்கு இன்றைக்கும் ஒழுங்காக வாயில் நுழையாது. அந்த ஊரின் வரலாற்றில் பேர் சொல்லும்படி வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். முதல் சாராய ஆலை வைத்தவர், ஆற்றுக்குப் பாலம் கட்டிய பொறியாளர், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டுக் கூடத்திலேயே பள்ளி நடத்திய ஓர் அம்மா, பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவர், இரண்டு மேயர்கள். அந்த வரிசையில் கடைசியாக நீ. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேயருக்குப் பக்கத்தில் நம் ரெஜினாவா என்று நினைத்தேன். அப்புறம், அங்கே நீ என்ன செய்தாய் என்று படித்தேன், சிரிப்பு போய்விட்டது.

நர்ஸ் வேலை பார்த்தாய் என்று தெரியும். மற்றதை எனக்கு நீ எழுதவே இல்லை. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், கேட்க நாதியில்லாமல் செத்தவர்களைப் புதைக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். குழிக்கு ஒரு சின்னக் கல், கல்லில் வெறும் எண். விடுமுறை நாட்களில் நீ பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, எந்த எண் யார் என்று தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் பெயர்க்கல் வைக்கச் செய்தாயாம். இருபது வருஷம் இதைச் செய்தாயாம். உன்னையும் அங்கேயே, அவர்களுக்குப் பக்கத்தில்தான் புதைத்திருக்கிறார்கள்.

அக்கா, நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். பிறப்பு இறப்புப் பதிவு மேசை. ஊரில் செத்தவர்களின் பெயரையெல்லாம் என் கையால்தான் எழுதினேன். ஆனால் உன் சாவு அந்தப் பதிவேட்டில் கிடையாது. பதிவேட்டின்படி நீ பிறந்தாய், அவ்வளவுதான். பொய்யைக் கல்லில் வெட்டுகிற தைரியம் நம் வீட்டுக்கு இருந்தது, அரசாங்கக் காகிதத்தில் எழுதுகிற தைரியம் இல்லை.

இதைக் கேட்கப் போகிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

உனக்கு இருபத்து நான்கு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா உனக்குப் பார்த்த மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்த சொல்தா. ஐம்பதைத் தொட்ட மனிதர், முதல் மனைவியை இழந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அந்தக் குடியுரிமை ஒன்றுக்காக இந்த ஊரில் எத்தனை பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நீ வேண்டாம் என்றாய். அப்பா கேட்கவில்லை. கோயிலில் ஓலை வாசிக்கக் கொடுத்துவிட்டார்.

நம் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று சாமியார் சொல்வார். இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள் கிணற்றடியில் நின்று என்னிடம் சொன்னாய்.

"சேவி, மூணாவது ஓலைக்கு நான் இருக்க மாட்டேன்டா. அப்பாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. ஆம்பளப் புள்ள சொன்னா கேப்பாரு."

"சொல்றேன்க்கா," என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள் கோயிலில் சாமியார் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று அவர் நிறுத்தியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினேன் என்றுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. புதன்கிழமை காலையில் உன் படுக்கை காலியாக இருந்தது. சென்னையில் உன்னோடு படித்த நர்சுகளிடம் போய்விட்டாய்.

அப்பா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சொல்தா வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்தார். பெண் ஓடிவிட்டாள் என்று சொன்னால் இரண்டு வீட்டுக்கும் அவமானம். "அவளுக்கு மெட்ராஸ்ல காய்ச்சல் கண்டு செத்துட்டா. அங்கயே அடக்கம் பண்ணியாச்சு. இதுதான் எல்லாருக்கும் மரியாத," என்றார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். வந்தவர்களுக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

ஊரே துக்கம் கேட்க வந்தது. சொல்தாவும் வந்தார், மாலையோடு. சாமியார் நம்பிப் பூசை வைத்தார். மூன்றாவது ஓலைக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை உன் ஆன்ம இளைப்பாற்றிக்கு எல்லோரும் முழங்காலில் நின்றோம். தாத்தாவின் கல்லறையில் உன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார் அப்பா. என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்று, கல் வெட்டுகிறவருக்குச் சாக்கட்டியால் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். உன் பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம். எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்லத்தான் ஆசை. நடுங்கவில்லை, அக்கா. எழுத்து கோணாமல் வரவேண்டுமே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்குப் போய், கல்லைக் கழுவி, பூ போட்டு, உயிரோடு இருந்த உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ அமெரிக்காவுக்குப் போனதை என் அலுவலக முகவரிக்கு எழுதினாய். அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். கேட்டால் யாராவது நம்புவார்களா?

அப்பா போனதற்கு நீ அழவில்லை என்று எழுதினாய். நியாயம்தான். ஆனால் அம்மாவுக்கு முடியாமல் போனபோது வரத்தானே கேட்டாய்? செல்போனில் நீ அழைத்தபோது வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் அங்கிருந்து பேசினேன். மீன் ஏலக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் கேட்காது என்று.

"டிக்கெட் போடட்டுமாடா? ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடுறேன்," என்றாய்.

"வேண்டாம்க்கா. ஊருக்கு நீ செத்துப்போயிட்ட. வந்தா அப்பா பேரு என்னாவும்? எம் பொண்ணுக்கு நாளைக்கு எவன் வருவான்?"

போனை வைத்துவிட்டாய் என்றே நினைத்தேன். அப்புறம் கேட்டாய், "ஏலச் சத்தம் கேக்குதே. என்ன மீனுடா வந்துருக்கு?"

"கொடுவா," என்றேன்.

"பெரிசா?"

"பெரிசுதான்க்கா."

"சரிடா. அம்மாவப் பாத்துக்க," என்று வைத்துவிட்டாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம். அந்தக் கொடுவாவை நான் இன்று வரை வீட்டுக்கு வாங்குவதில்லை.

அம்மா கடைசி வாரம் முழுக்க, "ரெஜினா வந்துட்டாளா? வாசல்ல யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்க வந்தவர்கள், "பாவம், மகளப் பாக்கப் போற நேரம் வந்துடுச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் உயிரோடு இருக்கிற மகளைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆளான நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் நீ போனாய். உன்னோடு வேலை பார்த்த யாரோ போனில் சொன்னார்கள். வீட்டில் யாரிடம் சொல்வது? ஏற்கெனவே அழுது முடித்த சாவு. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது என் மனைவி மார்த்தா, "ஏங்க, கண்ணு இப்படிச் செவந்துருக்கு?" என்றாள். சோப்பு பட்டுவிட்டது என்றேன். நமக்குப் பொய்தான் சுலபமாக வருமே.

இப்போது டோனாவின் கடிதத்துக்கு வருகிறேன். பிரான்சிலிருந்து வந்த யாரோ தங்கள் பூட்டனைத் தேடி நம் கல்லறைத் தோட்டத்துக் கற்களையெல்லாம் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் உன் கல்லும் இருக்கிறது. உன் பெயர், அப்பா பெயர், பிறந்த வருஷம் எல்லாம் பொருந்துகிறது, செத்த வருஷம் மட்டும் நீ அமெரிக்காவுக்குப் போவதற்கு முந்தியது. புத்தகக் குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார், செத்துப்போன ஓர் இந்தியப் பெண்ணின் பெயரைத் திருடிக்கொண்டு வந்தவளா இவள் என்று. சரிபார்க்க முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி. இந்த மாதக் கடைசிக்குள் குடும்பத்தார் யாராவது எழுத்தில் விளக்காவிட்டால் உன் பக்கத்தை எடுத்துவிடுவார்களாம்.

எண்ணுக்கெல்லாம் பெயர் தேடிக் கொடுத்தவளைப் பெயர் திருடியவளா என்று கேட்கிறார்கள். என் கையெழுத்துதான் அவர்களிடம் இருக்கிற ஆதாரம்.

மார்த்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டோனாவின் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "அவங்களுக்கு மட்டும் எழுதிப் போடுங்க. இங்க எதுக்குச் சொல்லணும்? மாமா பேரத் தெருவுல இழுக்கணுமா? நம்ம பொண்ணு மாமியார் வீட்டுல என்ன சொல்லுவா?" என்றாள். நான் உன்னிடம் கடற்கரையில் சொன்ன அதே வார்த்தைகள். அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அமெரிக்காவுக்கு எழுதிவிட்டேன். நடந்ததை நடந்தபடி, உன் பிறப்புச் சான்றோடு. அவர்கள் சேர்ப்பார்களா என்று தெரியாது. ஆனால் அங்கே உயிரோடு இருந்தவளாகவும் இங்கே செத்தவளாகவும் உன்னை விட்டுவைக்க என்னால் இனி முடியாது. கல் வெட்டுகிறவரிடமும் போய் வந்தேன். பழைய ஆளின் மகன். "வருஷத்த மட்டும் மாத்திடவா சார்?" என்று கேட்டார். வேண்டாம், வருஷத்தைச் செதுக்கி எடுத்துவிடுங்கள் என்றேன். அந்த இடம் பள்ளமாகத் தெரியுமே என்றார். தெரியட்டும் என்றேன். அதற்குக் கீழே வெட்ட ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: இவர் இங்கே இல்லை. இந்த முறை எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது, அப்படியே வெட்டச் சொல்லிவிட்டேன்.

வருகிற கல்லறைத் திருநாளில், மெழுகுவர்த்தியோடு ஊர் மொத்தமும் அங்கே நிற்கும்போது, இந்தக் கடிதத்தை உன் கல் பக்கத்தில் நின்று சத்தமாகப் படிக்கப் போகிறேன். மார்த்தா வரமாட்டாள் என்று நினைக்கிறேன். சிலர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் காறித் துப்பலாம், சிலர் என் முகத்திலேயே. மன்னித்துக்கொள் என்று உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன மீனுடா என்று பேச்சை மாற்றிவிடுவாய், எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். என் முகவரி எப்படிக் கிடைத்தது என்று டோனாவிடம் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நீ வருஷாவருஷம் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் இருந்ததாம். ஏதாவது ஆனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில், முப்பது வருஷமும், கடற்கரையில் நான் அப்படிப் பேசிய வருஷத்திலும், ஒரே பெயரும் ஒரே உறவும்தான் எழுதியிருக்கிறாய்.

தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று அன்றைக்குக் கேட்டார்கள். எனக்குத் தெரியும், அக்கா. அறிவிக்கிறேன். இது சத்தியம்.

நீ எழுதிய அந்த உறவு,
உன் தம்பி சேவியர்