பஸ் ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை

ஜூன் 2, திங்கள்

ஐம்பத்து நாலு வயதில் நான் கம்பியூட்டரில் பஸ் ஓட்டுகிறேன். எழுதிவிட்டேன். மனைவி இமெல்டாவுக்குக்கூடத் தெரியாது. அவள் ஞாயிறு பின்னேரம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிளம்பியதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு, கண்டிப் பாதையில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறேன். இருபத்தைந்து வருடமாகப் பஸ்ஸுக்கும் திரீவீலுக்கும் ஸ்டிக்கர் வெட்டுகிறவன், லைசன்ஸ் டெஸ்ட்டில் மூன்று தரம் பெயிலானவன். வேறு எங்கே போய் ஓட்டுவது?

நேற்று பஸ் விக்கி விக்கி ஓடியது. ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டது. அதில் 'கிராபிக்ஸ் டிரைவர்' மட்டும் விளங்கியது, அதுவும் என் கம்பியூட்டரைத் திருத்துகிற ஸாலிஹ் அடிக்கடி சொல்வதால். மிச்சத்துக்கு 'யெஸ்' அமத்தினேன். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு எந்தப் பெட்டி வந்தாலும் அதுதான் பதில். திரை இரண்டு தரம் கறுத்துவிட்டு வந்தது. அதற்குப் பிறகு பஸ் ஓடிய ஓட்டம்! கண்ணாடியில் மழைத்துளி தனித்தனியாகத் தெரிந்தது.

இன்று காலை வேலைக்கு உட்கார்ந்தால் கம்பியூட்டருக்குள் ஓடும் உள்கம்பியூட்டர் ஒரே கறுப்பு. நடுவில் அம்புக்குறி மட்டும் திசை தெரியாமல் நிற்கிறது.

என் வெட்டும் மெஷின் கிழடு. அதை ஆட்டிவைக்கும் சொப்ட்வெயர் அதைவிடக் கிழடு, பழைய விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும். போன வருடம் பழைய கம்பியூட்டர் செத்தபோது ஸாலிஹ் புதுப் பெட்டிக்குள்ளே அந்தப் பழைய கம்பியூட்டரை அப்படியே குடியேற்றிவிட்டான். வேர்ச்சுவல் மெஷினாம். "வெளிய புதுசு, உள்ள பழசு" என்று விளக்கம் சொன்னான். "உன்ன மாதிரி எண்டு சொல்லன்" என்றேன். அன்றைக்குப் புது ஷேர்ட் போட்டு வந்திருந்தான்.

பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாள். அதற்குள் ஜிந்துப்பிட்டி ஸ்டாண்டுக்கு மட்டும் இருபத்தாறு திரீவீல் ஸ்டிக்கர் வெட்ட வேண்டும்.

கேமை அழித்துவிட்டேன். அழித்தால் எல்லாம் பழையபடி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஸாலிஹ் மாளிகாவத்தையிலிருந்து பையோடு வந்தான். அவன் வேலை செய்கிற விதம் எனக்குத் தெரியும். முதலில் எதையும் கழற்ற மாட்டான். ஒரு அட்டையைக் கிழித்து, பழுதுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எழுதுவான். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வருவான். வெட்டாமல் மிஞ்சுவதுதான் பழுது. இன்றும் ஸ்டிக்கர் ரோல் வந்த பெட்டியைக் கிழித்தான்.

ஒன்று: யாராவது தொட்டதா?

"செல்லு. என்னத்தயாவது அமத்தினியா?"

"நானா? உன்ட கட்டளை அதில இருக்கே, எப்பிடித் தொடுவன்?"

கம்பியூட்டர் திரையின் விளிம்பில் 'தொடாதே' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. என்னைக் கொண்டே வெட்டுவித்து, என் கடையிலேயே ஒட்டிவிட்டுப் போனவன் அவன்.

"பகிடி உட்டுட்டு செல்லு, ஒஸ்வால்ட். அப்டேட் கிப்டேட் ஒண்டும் போடல்லியா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருடமாக அவனை நான் பண்ணிய பகிடியெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இவன் கையில் இப்படி ஒன்றைக் கொடுத்தால் மாளிகாவத்தை முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்: ஒஸ்வால்ட் கதவைச் சாத்திக்கொண்டு பஸ் ஓட்டுகிறான்.

"அந்தோனியாராணை, நான் ஒண்டும் தொடேல்ல."

வாய் தவறித்தான் வந்தது. வந்துவிட்டது.

ஸாலிஹ் என்னை ஒரு தரம் பார்த்தான். "சரி. அப்ப அது இல்ல." ஒன்றாவதை வெட்டி, பக்கத்தில் 'அந்தோனியார்' என்று எழுதினான். அவன் முஸ்லிம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது கொச்சிக்கடைச் சந்தில். அந்த ஆணையைப் போட்டுப் பொய் சொன்ன ஆளை அவன் இதுவரை கண்டதில்லை. நானும் கண்டதில்லை.

ஜூன் 4, புதன்

வேர்ச்சுவல் மெஷின் சொப்ட்வெயரைக் கழற்றினான். திரும்பப் போட்டான். கறுப்பு. வெக்கையில் எனக்கே கண் கறுத்துக்கொண்டு வந்தது.

ஜூன் 5, வியாழன்

அதே சொப்ட்வெயரின் பழைய பதிப்பு. கறுப்பு. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டான். கறுப்பு. ஒரு முறை நீலமாக வந்தது. இரண்டு பேரும் எழும்பி நின்றோம். பிறகு கறுப்பு.

அவன் போன பிறகு சுமன் வந்தான். ஜிந்துப்பிட்டி ஸ்டாண்டுக்கு அவன்தான் தலைவன் மாதிரி.

"என்னாண்ணே, நம்ம வேல் ஸ்டிக்கர்? புள்ளைங்க எல்லாம் கண்ணாடிய தொடச்சி வச்சிட்டு பாத்துக்கிட்டு இருக்கானுங்க."

"அந்தோனியார் திருநாளுக்கு உங்களுக்கு எதுக்கடா வேல்?"

"அவர் பாட்டுக்கு அவரு, இவர் பாட்டுக்கு இவரு. ரெண்டு பேருக்கும் சேத்துதான சவாரி ஓடுறோம். ஏலாட்டி சொல்லுங்கண்ணே, வேற எடத்துல குடுக்கிறேன்."

கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டுவேன் என்று பெருமை பேசி அனுப்பினேன். பேசிய வாய்க்காகச் செய்தும் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தாலும் எந்த பட்டன் எத்தனை தரம் என்று விரலுக்குத் தெரியும். முன்கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுகிற ஸ்டிக்கர் என்றால் எழுத்தை இடம்வலம் திருப்பி வெட்ட வேண்டும், அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. எல்லாம் எண்ணி எண்ணி அமத்தினேன். மெஷின் சந்தோஷமாக ஓடியது. சிவப்பு ரோலில் ஒரு யார் நீளத்துக்கு இடியப்பம்.

இமெல்டா அதைப் பார்த்து, "தேங்காய்ப்பால் எடுக்கவா?" என்றாள். என்னோடு இருந்து இருந்து அவளுக்கும் நாக்கு நீண்டுவிட்டது.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள். ஸாலிஹ் தொழுதுவிட்டு நேரே இங்கே வந்துவிட்டான். இடுப்பில் புதுச் சாரம், அத்தர் வாசம், ஒரு கையில் வட்டிலாப்பக் கிண்ணம், மற்றக் கையில் ஸ்குரூ டிரைவர் பை.

"பெருநாளும் அதுவுமா ஆரும் வேலைக்கு வருவாங்களா? வீட்டில ரபீக்கா ஏசமாட்டாவா?"

"ஏசினா. ஊட்டில இருந்தா சாப்பாடு எறங்குதில்ல மச்சான். இது ஏன் கறுக்குது எண்டு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே ஈக்கி."

மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சொன்னான். டெஸ்க்டொப் திருத்த இப்போது யாரும் வருவதில்லை. எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு போன் கடைக்குப் போகிறார்கள். அவனுடைய மச்சினன் புறக்கோட்டையில் இருக்கும் தன் புடவைக்கடைக்குக் கூப்பிடுகிறானாம். புதன்கிழமை பின்னேரம் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் இவன் தன் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"நீயும் புடவையும்! உனக்கு சாரத்துக்கு மேல் பக்கம் எது கீழ்ப் பக்கம் எது எண்டே தெரியாதே" என்றேன்.

சிரிக்கவில்லை. "இருவத்தி ரெண்டு வருசம். ஒரு மெஷின்கிட்ட நான் இப்பிடி தோத்ததில்ல. இத எழுப்ப ஏலாட்டி, எனக்கு இந்த வேல முடிஞ்சி போச்சி எண்டுதான் அர்த்தம்."

வட்டிலாப்பம் நன்றாக இருந்தது. எனக்கு இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. இமெல்டாவுக்கு ஆச்சரியம்.

ஜூன் 8, ஞாயிறு

உள்கம்பியூட்டரை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டுபோய் அவன் கடையில் திறந்து பார்த்தானாம். அங்கே பளிச்சென்று வருகிறது! வெட்டும் மெஷினையும் அங்கே தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் அவன் கடை அந்த மெஷினைவிட ஒடுக்கம்.

ஆக உள்ளே இருக்கிற பழசில் பிழை இல்லை. வெளியே இருக்கிற புதுசில்தான். அந்தப் புதுசை ஒவ்வொரு உறுப்பாகத் தெரிந்து வாங்கிப் பொருத்தினவன் ஸாலிஹ். போனிலேயே அவன் குரல் இறங்கிவிட்டது.

இமெல்டா கோயிலுக்குப் போனாள். நான் பஸ் ஓட்டவில்லை. ஓட்ட பஸ்ஸும் இல்லை. சும்மா உட்கார்ந்து அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, மெஷினுக்காக மெழுகுதிரி ஏற்றினேன் என்றாள். "அந்தோனியார் காணாமல் போனதத் தேடித் தாறவர் தானே. பிழை எங்க இருக்கெண்டு கட்டாயம் காட்டுவார்."

எனக்கு அந்தப் பயம்தான்.

ஜூன் 9, திங்கள்

கிராபிக்ஸ் கார்ட் பழுதாக இருக்கும் என்று அதே மாதிரி ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி வந்து மாட்டினான். கறுப்பு. அட்டையில் எட்டாவதையும் வெட்டினான். பிறகு பென்சிலைக் கூராக்கி, கீழே புதிதாக ஒன்று எழுதினான்.

ஒன்பது: என்ட கை.

அதைப் பற்றி ஒரு பகிடியும் எனக்கு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமிப் போயா விடுமுறை, அந்தோனியாருக்குரிய செவ்வாய் வேறு. கொச்சிக்கடையில் வேலிப்பக்கம் வரைக்கும் சனம். வேட்டியோடு, பர்தாவோடு, வெள்ளைச் சாரியோடு எல்லாரும் நிற்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சுரூபத்தோடு அந்தோனியாரின் நாக்கிலிருந்து எடுத்த ஒரு சின்னத் துண்டும் இருக்கிறது. எத்தனை தரம் அதன் முன்னால் நின்றிருப்பேன். இன்றைக்கு அந்தக் கண்ணாடியைத் தொட எனக்குக் கை போகவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா சிங்களத்தில், "மாத்தயா, போறதெண்டா போங்க, இல்லாட்டி வழி விடுங்க" என்றாள். வழி விட்டேன்.

என்ன கேட்பது? நான் சொன்ன பொய்யை நீர் கொஞ்சம் மூடிவிடும் என்றா?

ஜூன் 11, புதன்

ஸாலிஹ் காலையிலேயே வந்தான். வேலை செய்ய இல்லை, சாமான்களை எடுத்துக்கொண்டு போக. ஸ்குரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துப் பைக்குள் வைத்தான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் அடுக்கி நான் பார்த்ததில்லை.

"வேற ஒருத்தன காட்டு, ஒஸ்வால்ட். என்னால ஏலா. மச்சினனுக்கு இண்டைக்கி அசர் தொழுகைக்குப் பொறகு பதில் செல்லணும்."

எந்நேரமும் ஓடுகிற வாய், இன்றைக்கு மட்டும் ஓடவில்லை. மேசையில் அந்த அட்டை கிடந்தது. பென்சிலை எடுத்தேன். வெட்டியிருந்த ஒன்றாவதுக்குப் பக்கத்தில், 'அந்தோனியார்' என்ற பெயரை அழித்துவிட்டு, 'ஒஸ்வால்ட் தொட்டான்' என்று எழுதி அவன் பக்கம் தள்ளினேன். எழுத்து வெட்டிப் பிழைக்கிறவன் நான். இவ்வளவு கோணலாக என் கை ஒருநாளும் எழுதியதில்லை.

வாசித்தான். திரும்ப வாசித்தான்.

"என்னத்த தொட்ட?"

"பஸ்."

"எந்த பஸ்?"

"கேம், மச்சான். ஓட விக்கிச்சு. ஒரு பெட்டி வந்து கிராபிக்ஸ் டிரைவர் எண்டு என்னமோ கேட்டுது. யெஸ் குடுத்திட்டன்."

"எப்ப?"

"ஒண்டாம் திகதி."

ஸாலிஹ் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். எங்கெங்கோ அமத்தி, புது டிரைவரைத் தூக்கிவிட்டுப் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தான். திரை இரண்டு தரம் கறுத்தது. உள்கம்பியூட்டரைத் திறந்தான். பச்சைப் புல்லும் நீல வானமுமாகப் பழைய விண்டோஸ் வந்து நின்றது. சுவர் மணிக்கூட்டில் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

எழும்பினான். முகத்தில் கோபம் என்று சொல்ல முடியாது. களைத்துப்போன ஆளின் முகம்.

"முதல் நாளே அந்த டிரைவரத்தான் நான் பாக்க இருந்த. நீ ஆண போட்டதால அந்தப் பக்கமே போகல்ல. எட்டு நாளா நான் என்ட கைய சந்தேகப்பட்ட, ஒஸ்வால்ட்."

"இஞ்ச, தேத்தண்ணி..." என்று இமெல்டா கோப்பையோடு வந்தாள். அவன் வாங்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பஸ்ஸா?" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

நாள் முழுக்க வெட்டினேன். இருபத்தாறு வேல், பதினெட்டு அந்தோனியார். எல்லாம் உள்பக்கம் ஒட்டுவது, எல்லாம் திருப்பி வெட்டியது, ஒன்றுகூடப் பிழை இல்லை. ஸாலிஹ் போன் எடுக்கவில்லை. அவன் மச்சினனுக்கு என்ன சொன்னான் என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

திருநாள். தேர் வரும்போது சனத்துக்குள் நெருங்கிப்போய், "நான்தான் தொட்டனான்" என்று ஒரு தரம் உரக்கச் சொன்னேன். வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் போனில் ஸாலிஹ். சலாமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

"எந்த ரூட்?"

"என்ன?"

"பஸ். எந்த ரூட் ஓட்டின?"

"கண்டி."

"கடுகண்ணாவ ஏத்தம் ஏறினியா?"

"மூண்டு தரம் உருண்டனான்."

பிறகு இருமல் மாதிரி ஒன்று கேட்டது. சிரிக்கிறான். நாய்ப் பயல், மூச்சு முட்டச் சிரிக்கிறான். பின்னால் ரபீக்காவின் குரலும் கேட்டது. என்ன, என்ன, எந்த பஸ் என்கிறாள். சரி, மாளிகாவத்தை முழுக்க இனிப் போய்ச் சேரும். போகட்டும்.

"என்ட கடைக் கதவுக்கு ஒரு ஸ்டிக்கர் வெட்டு" என்றான். "கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுற. 'கடை திறந்திருக்கிறது' எண்டு பெருசா. ஆக்கள் நான் பூட்டிட்டன் எண்டு நெனச்சிக்கிட்டு ஈக்காங்க."

ஜூன் 15, ஞாயிறு

இமெல்டா கோயிலுக்குப் போனதும் நான் மாளிகாவத்தைக்குப் போனேன். சிவப்பு ஸ்டிக்கர், ஆறு அங்குல எழுத்து. கண்ணாடியைக் கழுவித் துடைத்து, உள்பக்கமாக ஒட்டினேன். ஒரு குமிழிகூட இல்லை. திருப்பி வெட்ட மறந்துவிட்டேன்.

கடைக்குள் இருந்து பார்த்தால் நேராக வாசிக்கலாம். கடைக்குள் ஸாலிஹ் மட்டும்தான் இருந்தான். வாசித்துவிட்டு, நல்லா ஈக்கி என்றான். வெளியே ஒருவர் பழுதான கம்பியூட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கதவடியில் நின்று, தலையைச் சாய்த்து எழுத்துக்கூட்டிப் பார்த்தார். பிறகு கம்பியூட்டரை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.