கிணற்றிலிருந்து இருபது கவடு

இன்று காலை வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இழுத்தேன். பாதி வழியிலேயே மணம் வாளியை முந்திக்கொண்டு மேலே வந்துவிட்டது. என்ன மணம் என்று உனக்குச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை வாய் கூசாமல் சொல்லித் திரிந்தவள் நீ ஒருத்திதான். கக்கூசு மணமடி. எங்கள் கிணற்றில் எங்கள் கக்கூசு. வேறொருவருடையது கலக்கவில்லை என்பது மட்டும்தான் பெருமை.

போன மாதம் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளிப் போனார். பிறகு கடிதத்தோடு வந்தார். நல்ல மனிதர். வீட்டு முகப்பைப் பார்த்ததும் கடிதத்தை நீட்டவே கூச்சப்பட்டார். "அக்கா, குடிக்கிறதை விடுங்கோ, உதிலை வாயும் கொப்பளிக்காதேங்கோ" என்றார். அன்று தொடக்கம் சந்திக் கடையிலிருந்து நீலக் கலன்களில் தண்ணீர் வருகிறது. கேற்றில் இரண்டு சீமெந்துச் சிங்கங்கள் வாயைப் பிளந்துகொண்டு இருக்க, அவற்றுக்கு நடுவால் ஓட்டோக்காரர் கலனை உருட்டிக்கொண்டு வருவார். நான் குசினிக்குள் ஒளித்துக்கொள்வேன். சண்டிலிப்பாயில், வற்றாத கிணறு உள்ள காணியில் இருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குகிற சீமாட்டி.

பத்து மணிக்கு மேசன் வருகிறார். கையில் இருக்கிற கடைசிக் காசை மேல்மாடியில் போடுவதா, இந்த நாற்றத்தில் போடுவதா என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன் உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

கட்டடச் செலவை மதிப்பிடுவதுதான் உன் படிப்பு. படம் கீறுவது கூடவே வந்த கைப்பழக்கம். சனம் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு "கொழும்புத்துறையிலை பிளான் கீறுற பொம்பிளை" என்று உன்னைத் தேடி வந்தது. நீயோ முதல்நாள் பென்சிலே கொண்டு போகமாட்டாய். அளவு நாடாவும் ஒரு கொப்பித் தாளும்தான். "எவ்வளவு இருக்கு? எத்தினை பேர் படுப்பினம்? கக்கூசுக் குழி எங்கை?" இந்த மூன்றுக்கும் பதில் வராமல் நீ கோடு போட்டதை நான் கண்டதில்லை.

சுன்னாகத்து வெங்காய முதலாளி ஒருவர் வெள்ளி மூக்குப்பேணியில் தேத்தண்ணி தந்து, "தங்கச்சி, நீங்கள் முதல்லை கீறுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றாராம். "அப்ப நானும் பிறகு வாறன்" என்று ஸ்கூட்டியை எடுத்தாயாம். இதை நீ சொன்னபோது நான் வயிறு நோகச் சிரித்தேன். பிறகு ஊரில் அரைகுறையாய் நிற்கிற வீடுகளுக்கெல்லாம் "பிறகுபாப்பம் வீடு" என்று பெயர் வைத்தோம். கம்பி வானத்தைப் பார்க்க நிற்பவை ஒரு சாதி. ஏழு கக்கூசும் ஒரேயொரு கிழவருமாய்ப் பூட்டிக் கிடப்பவை இன்னொரு சாதி. உன் ஸ்கூட்டியின் பின்னால் குந்தியிருந்து ஒழுங்கை ஒழுங்கையாய் எண்ணிக்கொண்டு போனவள் நான். அதே ஒழுங்கையில் இன்று என் வீட்டைப் பின்னால் இருந்து எவள் எண்ணிக்கொண்டு போகிறாளோ.

எங்கள் சனம் சபையில் சொல்லக் கூசுகிற சங்கதி இரண்டு. ஒன்று கையில் எவ்வளவு காசு இருக்கிறது. மற்றது கக்கூசு எங்கே இருக்கிறது. காசைக் கூட்டிச் சொல்வோம் அல்லது குறைத்துச் சொல்வோம், உள்ளபடி சொல்லமாட்டோம். கக்கூசை வீட்டுக்குப் பின்னால், வந்தவர் கண்ணில் படாமல், கிணற்றடிக்குப் பக்கத்திலே மறைத்து வைப்போம். ஒரு வீட்டைத் தொடங்க அறிய வேண்டிய முதல் இரண்டும் அவைதான் என்று நீ சொல்வாய். அதனால்தான் உனக்குப் பாதிப்பேர் இரண்டாம் முறை தேத்தண்ணி தரவில்லை.

என் முறையும் வந்தது. நீ வந்த அன்று பார்த்து, கனடாவில் இருந்து என் மச்சாள், என் கணவரின் அக்கா, வந்து நிற்கிறா. தன் வீட்டில் ஐந்து குளியலறை என்று சொல்லி முடித்து இன்னும் மூச்சு வாங்கவில்லை. நீ கதிரையில் இருந்து, தாளை மடியில் வைத்து, வழமைபோலச் சத்தமாகக் கேட்டாய்.

"எவ்வளவு இருக்கு?"

உனக்குத் தெரியாதா? இரண்டுபேரும் ஒரே சீட்டுத்தானே பிடித்தோம். என் சீட்டுக் காசு, காப்பு விற்ற காசு, அவர் கடன் எடுத்த காசு எல்லாம் சதம் பிசகாமல் உனக்குத் தெரியும். நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். பிறகு என் வாய் தானாகவே திறந்தது.

"காசு ஒரு பிரச்சினையில்லையடி. நீ கீறு."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"அதுதான் சொல்லுறன், பிரச்சினையில்லை. பிறகு பாப்பம்."

நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். உன்னோடு சேர்ந்து சிரித்த அதே வாயால். நீ மச்சாளுக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாளை மடித்தாய். பின்வளவுக்குப் போனாய். கிணற்றுக் கட்டில் முதுகை ஒட்டி நின்று, சீலைக் கரையைத் தூக்கிக்கொண்டு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எல்லாருக்கும் கேட்கப் பிலத்து எண்ணியபடி கவடு வைத்து நடந்தாய். வீட்டு நிலத்தின் குறுக்கால் வந்து, முன்பக்கத்து வலது மூலையில் இருபதாவது கவட்டில் நின்றாய். "குழி இதிலை வரவேணும். கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. மேலை விடுறது ஊறிப்போய்க் கிணத்துக்கைதான் நிக்கும்" என்றாய்.

மச்சாள் மூக்கைச் சுளித்தா. "வாசல்லையோ கக்கூசு? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"ஆக்கள் தண்ணி கேட்டால் நல்ல தண்ணி குடுக்கலாம் எண்டு நினைப்பினம், அக்கா."

அடுத்தநாள் நீ ஒரு மடித்த தாளை என் கையில் வைத்தாய். "இது உன்ரை காசுக்குக் கீறினது. மற்றது உன்ரை வாய்க்கு. அது எனக்குக் கீறத் தெரியாது." எனக்குச் சுள்ளென்று ஏறியது. தாளைப் பிரித்தும் பாராமல் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் தள்ளினேன்.

பிறகு நடந்ததை எழுதக் கை அருவருக்கிறது. கொம்பியூட்டரில் வீட்டுப் படம் செய்கிற ஒருவரிடம் போனோம். அவர் எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மரியாதையில் நான் சொக்கிப்போனேன். நாலாம் நாள் திரையில் ஒரு மாளிகை சுழன்றது. மாடி, வளைந்த படி, தூண் வைத்த போட்டிக்கோ, அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கார். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிளும் பெற்றோல் குடிக்கிற ஒரு பழைய மோட்டார்சைக்கிளும். நான் அந்தக் காரை ஆசையோடு பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்போதும் போட்டிக்கோவுக்கு வரவேண்டிய சாமானில் குறைவது அது ஒன்றுதான்.

அத்திவாரத்தோடு சீட்டுக் காசு முடிந்தது. மேல் கொங்கிறீற்றோடு கடன் முடிந்தது. போட்டிக்கோவுக்கு மாபிள் பதித்தபோது என் தாலிக்கொடி பாதி மெலிந்தது. கடைசியில் கக்கூசுக் குழிக்கு வந்தபோது மேசன் தலையைச் சொறிந்தார். "அக்கா, முன்னுக்குக் கொண்டுபோக இனி இடமில்லை, போட்டிக்கோ வந்திட்டுது. பின்னுக்கு வைச்சால் குழாயும் மிச்சம். அடியைப் பூசாமல் விட்டால் இன்னும் மிச்சம்." அவரில் குற்றமில்லை. நான்தான் "ஓம், ஓம், பின்னுக்கே வையுங்கோ, கண்ணிலை படாமல் இருக்கும்" என்றேன். செலவைச் சுருக்கிய கெட்டிக்காரி என்று அன்றிரவு நிம்மதியாய் நித்திரையும் கொண்டேன்.

புதுவீட்டுக் குடிபூரலுக்கு உன்னைக் கூப்பிடவில்லை. நீ அப்போது வருத்தமாய், ஆஸ்பத்திரியும் வீடுமாய் இருந்தாய். "பாவம், அலைச்சல் கூடாது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் உருக்கமாய்ச் சொன்னேன். மாடியே இல்லாத படியை நீ பார்த்துவிடுவாய் என்ற பயம்தான். உன் வருத்தத்தைத் தூக்கி என் வெட்கத்துக்கு மேல் போர்த்தினேன். கிணற்று நாற்றத்தைவிட இந்த நாற்றம் பெரிது.

நீ ஒரு மாதம் கழித்து ஓட்டோவில், தலையில் துணி கட்டிக்கொண்டு, கூப்பிடாமலே வந்தாய். சிங்கங்களைப் பார்த்தாய். "உவைக்கு ஆர் சாப்பாடு போடுறது?" என்று கேட்டாய். படியில் மெல்ல மெல்ல ஏறினாய். மேலே கம்பிகளும் தண்ணீர்த் தாங்கியும் மட்டும் நின்றன.

"வடிவாத்தான் இருக்கு" என்றாய். "தாங்கிக்கு நல்ல காத்து வரும்."

கீழே இறங்கி, கொஞ்சம் தண்ணீர் கேட்டாய். நான் கிணற்றடிக்குப் போய் அள்ளினேன். திரும்பிப் பார்த்தால், நீ குழி மூடியில் நின்று கிணற்றைப் பார்த்து நடந்து வருகிறாய். கால் தள்ளாடுகிறது, வாய் எண்ணுகிறது. ஒன்பதில் கிணற்றுக் கட்டு வந்து உன் இடுப்பில் முட்டியது. நான் தந்த டம்ளரை வாங்கினாய். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். கிணற்றுக் கட்டில் வைத்தாய்.

"பிறகு பாப்பம்" என்றாய்.

சொல்லிக் காட்டுகிறாள் என்று எனக்குக் கோபம். ஓட்டோவில் ஏறும்போது நீ திரும்பி, "கொதிக்க வைச்சுக் குடியடி" என்றதற்கும் நான் தலையாட்டவில்லை. அந்தப் பிறகு வரவேயில்லை. உன் செத்தவீட்டில், பெண்களுக்கு நடுவில் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடைசியா என்ரை வீட்டிலைதான் வந்து தண்ணி வாங்கிக் குடிச்சவள்." எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நீ கிடந்த இடத்துக்கு ஆறடி தள்ளி இருந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். எழும்பி வந்து ஒரு அறை தந்திருந்தாலும் காணும்.

இப்போது அவருக்கு ஓய்வூதியத்தோடு ஒரு தொகை வந்திருக்கிறது. மச்சாள் தொலைபேசியில் புதுப் படம் அனுப்பினா. மேல்மாடி, கண்ணாடி வேலி, பூச்சாடிகள். "அரைவாசி நான் போடுறன். நாங்கள் வந்தால் மேலை தங்கலாம்." அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பரிசோதகரின் கடிதம் மேசையில் அதே படத்துக்குப் பக்கத்திலே கிடந்தது. நான் போய் அலுமாரியைத் திறந்தேன்.

உன் தாளை முதல்முறையாகப் பிரித்தேன். இரண்டு அறை, ஒரு விறாந்தை, வெளிச்சமான குசினி. முன்பக்க வலது மூலையில் ஒரு வட்டம். அதற்குள் "குழி. இதிலை ஒண்டும் கட்டிப்போடாதை." கீழே செலவு நிரை நிரையாய் இறங்கி, என்னிடம் இருந்த தொகைக்குள்ளே அடங்கி நிற்கிறது. கடைசி வரி: "மிச்சத்திலை, குடிபூரலுக்கு எனக்கு ஒரு சீலை." என்ன நிறம் என்றும் எழுதியிருக்கிறாய். அறுவாளே என்று திட்டத்தான் வாய் வருகிறது.

நேற்று மச்சாள் காணொளியில் வந்தா. நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"மச்சாள், எங்களிட்டை இருக்கிறது இவ்வளவுதான்" என்று தொகையைச் சொன்னேன். உள்ளபடி, சதம் கூட்டாமல் குறைக்காமல். அவர் "இஞ்சரும்" என்று மறித்து என் கையைப் பிடித்தார். நான் விடவில்லை. "அதிலை முதல்லை கக்கூசுக் குழியை மாத்தவேணும். கிணறு நாறுது."

"சீ, இதையெல்லாம் இப்பிடிக் கதைக்கலாமோ" என்றா மச்சாள்.

"கதைக்காமல் விட்டுத்தான் குடிச்சிட்டம், மச்சாள்."

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுப் போனேன். மேசன் வந்துவிட்டார். கிணற்றுக் கட்டில் முதுகை ஒட்டி நின்று, சீலைக் கரையைத் தூக்கிக்கொண்டு, ஒண்டு, ரெண்டு என்று பிலத்து எண்ணி நடந்தேன். நீ கீறிய வீட்டில் விறாந்தையாக வந்திருக்கவேண்டிய இடத்தால் ஹோலுக்குள் நுழைந்து வாசலால் வெளியே போனேன். என் கால் கட்டை. உன் இருபதுக்கு எனக்கு இருபத்திமூன்று வேண்டியிருந்தது. போட்டிக்கோவுக்கு நட்டநடுவில், சிவப்புக் கார் நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றேன்.

"இதிலை" என்றேன்.

மேசன் மாபிளைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, நல்ல சாமான். இப்பவே உடைக்கிறதோ, இல்லாட்டிப் பிறகு பாப்பமோ?"

"இப்ப உடையுங்கோ" என்றேன்.

முதல் அடியில் மாபிள் வெடித்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு யன்னல் திறந்தது. என்ன வேலை நடக்கிறது என்று அந்த மனுசி கேட்டா. கக்கூசுக் குழி வெட்டுறம், வாசல்லை, என்று அவவுக்குக் கேட்கும்படியாய்ச் சொன்னேன்.