உன் அப்பா சட்டசபைக்குப் போன கதை

வெஸ்ட் ஆல்டன், வெர்மான்ட்
1873 பிப்ரவரி 9

அன்பு மகள் ஃபிலீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் பசுக்களும் சுகம், உன் அப்பாவும் சுகம்தான், அவர் சுகத்துக்கு என்றைக்குக் குறை வந்தது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆரெகான் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

அப்பா சட்டசபை மெம்பரானதற்குப் பெருமைப்பட்டு எழுதியிருந்தாய், அதற்குத்தான் இந்தப் பதில். இருபத்திரண்டு வருஷம் இடுப்பளவு பனியிலும் போய் வைத்தியம் பார்த்த மனுஷர் என்றுதான் ஊர் அவரை அனுப்பியது. ஊர்தோறும் இலவசமாக அம்மை குத்தச் சட்டம் கொண்டுவருவேன் என்று தேவாலயப் படியில் நின்று சொன்னார், நானும் நம்பிப் புதுக் கோட்டு தைத்துக் கொடுத்தேன். தலைநகரம் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரயில் கம்பெனி வக்கீல்கள் விருந்துக்குக் கூப்பிட்டு 'கனம் டாக்டர் டட்டில்' என்று நாலு தடவை சொன்னார்கள், மனுஷர் வெண்ணெயாய் உருகிவிட்டார். ரயில் மசோதாவுக்கு இடம்விட்டு அம்மை மசோதாவை இரண்டு வருஷம் தள்ளிப்போட அவரே கை தூக்கினார். கூலியாக ஏதோ ஒரு கமிட்டிக்குத் தலைவர் பதவி. அந்த வாரமே கம்பளி மில் வீடுகளில் பெரியம்மை வந்தது. உடனே வரச் சொல்லித் தந்தி கொடுத்தேன். கமிட்டி வேலை இருக்கிறது, நோயாளிகளைத் தனியே வை என்று பதில் வந்தது, எனக்குத் தெரியாததைச் சொல்லிவிட்டார்! பக்கத்து ஊர் டாக்டரிடம் அம்மைப்பால் வாங்கி, உன் அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக நானே குத்தினேன். கொல்லன் ஸ்டாடர்டின் மனைவி மெர்சிக்கு மட்டும் நான் போவதற்குள் முத்து போட்டிருந்தது. உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் வந்துட்டாராம்மா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்று பொய் சொன்னேன்.

எல்லாம் அடங்கிய பிறகு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து, நம் ஊருக்கு ரயில் வரப்போகும் பெருமையைப் பேசத் தொடங்கினார். ஸ்டாடர்ட் இருந்த இடத்திலிருந்தே, "டாக்டரா இருந்தப்போ பனியில நடந்தே வந்தீங்க, மெம்பரானப்புறம் பாதி வழி ரயில் இருந்தும் வர முடியலையே ஐயா" என்றான். உன் அப்பாவோ, பாவம் துக்கத்தில் பேசுகிறான் என்பதுபோலப் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. நேற்றுக் காலை மில் மேஸ்திரி வந்தார், பேரனுக்குத் தொண்டை அடைப்பாம். அப்பா மருந்துப் பையோடு எழுந்தார். மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னாங்க வீட்டுல ஐயா, அம்மாவத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. குழந்தைக்கு இன்னும் அம்மை குத்தவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன் கிளம்பு, சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதே.

உன் அம்மா,
லூசிண்டா டட்டில்