இரண்டு குடம் தண்ணீர்

சங்கரன்கோவில்
2-9-1952

அன்புள்ள அத்தானுக்கு, கோமதித்தாய் எழுதிக்கொண்டது.

அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். தலை ஆடிக்கு அப்பா என்னை அழைத்து வந்தார். ஆவணி பாதி போயும் நீங்கள் கூட்டிப்போக வரவில்லை. “கூட்டிட்டுப் போக வராதவன் என்னட்டி மாப்பிள்ளை?” என்று அப்பா குதிக்கிறார். அழைக்க வந்த அன்று அவர் உங்களை மரியாதையில்லாமல் பேசியது தப்புதான். அதற்கு நான் என்ன செய்வேன்? என் பெயர்க்காரி அம்மன் ஒற்றைக்காலில் தபசு நின்று சுவாமியைப் பார்த்துவிட்டாள். நான் நிற்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

சண்டை கிடக்கட்டும். என் பெட்டிக்குள் வைத்து அனுப்பினீர்களே, அட்டை போன பழைய சிறுகதைப் புத்தகம், அதில் நாலாவது கதையின் கடைசிப் பக்கம் எங்கே? பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அனுப்பியவன், அவள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். பூட்டைத் திறக்கிறான். வீட்டில் அவர்கள் சோறு தின்கிற இரண்டு வட்டிலில் ஒன்றைக் கழுவித் துடைத்துப் பரணில் வைக்கிறான். உடனே அடுத்த கதை! அவளுக்கு என்னதான் ஆயிற்று? மண்டியில் பொட்டலம் மடிக்கிற கைதானே, பல்பொடி மடிக்கக் கிழித்துவிட்டீர்களா?

இப்படிக்கு,
கோமதித்தாய்

விருதுநகர்
5-9-1952

கோமதிக்கு,

சுகம். மண்டியில் மிளகாய் வரத்து அதிகம். நான் கிழிக்கவில்லை. பக்க எண்ணைப் பார். வட்டிலைத் திரும்பவும் படி.

முருங்கை காய்த்திருக்கிறது, பறிக்கவில்லை. காலையில் நல்ல தண்ணீர்க் கிணற்றில் இரண்டு குடம் இறைத்து வைக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

சங்கரசுப்பு

சங்கரன்கோவில்
9-9-1952

என் அத்தானுக்கு,

பார்த்தேன். நாற்பத்தாறுக்கு அப்புறம் நாற்பத்தேழு, சரியாகத்தான் இருக்கிறது. வீண்பழி போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. அடப்பாவி மனுஷா! அவள் செத்துப்போனாள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! அவன் அழுதான் என்றுகூட இல்லை. நான்தான் அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். “ஏட்டி, கதையைப் படிச்சா அழுத?” என்று அம்மா சிரிக்கிறாள்.

மற்ற கதைகளையும் முதலிலிருந்து படித்தேன். இந்த ஆசிரியர் யாருடைய வருத்தத்தையும் சொல்வதே இல்லை. கை என்ன செய்தது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். எப்படித்தான் மனசு வந்ததோ!

அப்புறம் உங்கள் கார்டை எடுத்தேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று வைதுகொண்டே படித்து, மூலையில் போட்ட கார்டுதான். ஒற்றை ஆளுக்கு இரண்டு குடம் எதற்கு அத்தான்?

உன்னைப் பார்க்காமல் மனசு தேடுகிறது என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவீர்கள்? எனக்குத் தேடுகிறது. நான் எழுதிவிட்டேன்.

“கூப்பிட வராம நீயாவா போற? ஊர் சிரிக்கும்” என்கிறார் அப்பா. சிரித்தால் சிரிக்கட்டும். வியாழக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் என் குடத்தை நானே இறைத்துக்கொள்வேன்; நீங்கள் ஒரு குடம் இறைத்தால் போதும்.

கோமதி