கீழே கடை, மேலே வீடு, நடுவில் நாம்

மாஸ்டர், சௌக்கியமாக இருக்கிறீர்களா? போன இடத்தில் கரண்ட் ஒழுங்காக இருக்கிறதா, முழங்கால் வலி விட்டதா? இங்கே எல்லோரும் நலம். உங்கள் வீட்டு அக்கா நேற்று என்னோடு பேங்குக்கு வந்தார்கள். கடைசித் தவணையும் முடிந்தது மாஸ்டர். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். மாடி போர்ஷனில் இருக்கும் தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு இன்று ஆபீஸ் லீவு. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். “மாமா, ஊரைச் சுத்தாம சொல்லுங்க” என்று இப்போதே மிரட்டுகிறாள். சுற்றாமல் எப்படிச் சொல்வது?

பத்திரத்தில் அந்துருண்டை வாசனை அடிக்கிறது. இத்தனை வருஷம் பேங்க் அலமாரியில் கிடந்ததல்லவா? கல்யாணப் பட்டுச் சேலையைப் பீரோவிலிருந்து எடுத்தால் வருமே, அதே வாசனை. அதைக் கல்லாப்பெட்டிமேல் வைத்திருக்கிறேன். மாவு வாங்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பழைய ஓனர் கட்டடத்தை விற்கப் போவதாகச் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அவர் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகிற அவசரத்தில் இருந்தார். மறுநாளே ஒரு பில்டரின் ஆள் டேப்போடு வந்தான். இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவார்களாம். கீழே நம் இரண்டு கடை, மேலே நாலு குடும்பம், எல்லோரும் காலி செய்ய வேண்டும். அந்த ஆள் ஓடிக்கொண்டிருந்த என் கிரைண்டரையும் சேர்த்து அளந்தான். அந்த கிரைண்டரைக் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்த கதை இருக்கிறதே... சரி, இந்தப் பெண் முறைக்கிறாள்.

நீங்கள் ரவிக்கைத் துணியில் சாக்பீஸ் கோடு போட்டபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னீர்கள். “மாவுக்காரரே, நாமளே வாங்கிடலாம்.”

“மாஸ்டர், நான் கைநாட்டு. என்னை நம்பி யாரு லோன் குடுப்பா?”

“உங்களை நம்பியா? நக்கோ, அதெல்லாம் வேணாம்! கட்டடத்தை நம்பிக் குடுப்பாங்க. வாடகை வருதில்ல? தவணையை அது கட்டும்.”

“நாலு போர்ஷன் வாடகை பத்தாதே.”

“நம்ம ரெண்டு கடையும் வாடகை கட்டும். ஓனர் ஆயிட்டா வாடகை கிடையாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு வாயில் நாலு பாஷை. பேங்கில் அது பத்தவில்லை. வீட்டு லோன் மேஜையில், “கீழே கடை இருக்கே, தொழில் லோன் மேஜைக்குப் போங்க” என்றார்கள். அங்கே போனால், “மேல வீடு இருக்கே” என்றார்கள். இப்படியே இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு காலைப்பொழுது போனது. கடைசியில் நீங்கள் மேனேஜர் அம்மாவின் அறைக்கே போய் நின்றீர்கள். “கீழே கடை, மேலே வீடு, நடுவுல நாங்க ரெண்டு பேர். எங்களை எந்த மேஜைல வெக்கிறதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா.” அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்தவர் நம்மை உட்காரவும் வைத்தார்.

லோன் கிடைத்தது. ஆனால் நம் பங்கை நாம் முதலில் காட்ட வேண்டும். என் சேமிப்பும் அக்காவின் நகையும் போக, மீதிக்கு இருந்த ஒரே வழி உங்கள் ஏலச்சீட்டு. ஓனர் கொடுத்த கெடுவுக்கு முன்னால் ஒரே ஒரு ஏலம்தான் இருந்தது. சீட்டில் யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தானே பணம்? போட்டி வந்து நாம் அதிகம் தள்ளினால் கைக்கு வருவது குறையும். குறைந்தால் கட்டடம் பில்டருக்கு.

போட்டிக்கு ஆள் இல்லாமலா? ஹார்டுவேர் கடை யாதகிரி இருந்தாரே! தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏலத்தை ஏற்றிவிடுகிற மனுஷன். ஏறினால்தானே மற்றவர்களுக்கு லாபம்?

ஏலம் தொடங்குவதற்கு முன் நீங்கள் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னீர்கள். “இன்னிக்கு இந்தச் சீட்டு எங்களுக்கு வேணும். கட்டடம் வாங்கறோம். உங்கள்ல யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம்னு இருந்தா கேளுங்க, நாங்க எழுந்து போயிடறோம். சும்மா ஏத்தி விடறதுக்குக் கேக்காதீங்க. அவ்வளவுதான்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். நான் என்ன செய்தேன், நைசாக யாதகிரி பக்கத்தில் நகர்ந்து, அவர் கைமேல் என் துண்டைப் போட்டு, மூன்று விரலை அழுத்தினேன். வாயை மூடிக்கொண்டிருக்க மூவாயிரம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஊர்ச் சந்தையிலும் இதே பழக்கம்தான் போலிருக்கிறது. துண்டுக்குள்ளேயே என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடிவிட்டார். ஒன்றும் வேண்டாமா, இல்லை நீ சொன்னது செல்லாதா?

நீங்கள் குறைந்தபட்சத் தள்ளுபடியைக் கேட்டீர்கள். சீட்டுக்காரர், “ஒரு தரம்” என்றார். ஒருவரும் அசையவில்லை. “ரெண்டு தரம்.” யாதகிரி நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏமய்யா, ஏலம் நடக்குற இடத்துல ஒரு கப் சாய்கூடக் கிடையாதா?”

மூன்றாம் தரம் சொன்னது சிரிப்புச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஆனால் சீட்டு நமக்கு விழுந்தது மாஸ்டர்!

வெளியே வந்ததும் யாதகிரி தன் பாதித் தமிழில் என்னைப் பிடித்துக்கொண்டார். “பைத்தியமா மாவுக்காரா? என் பொண்ணு கல்யாணத்து ப்ளவுஸ் எல்லாம் மாஸ்டர்கிட்ட இருக்கு. அந்தக் கடையை இடிச்சா என் வீட்டம்மா என்னை இடிச்சிடும்.” நீங்கள் வீடு வரும்வரை என்னை விடவில்லை. “துண்டுக்குள்ள லஞ்சம்! நான் நாலு பேர் நடுவுல நியாயம் கேக்கறேன், நீங்க கீழே விரலைப் பிடிக்கறீங்க!”

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மேனேஜர் அம்மா எல்லா வாடகையையும் கூட்டி, இவ்வளவு தரலாம் என்று சொன்னபோது நீங்கள் குறுக்கே பேசினீர்கள். “ஒரு ஷட்டர் எப்பவும் மூடியே இருக்குன்னு வெச்சுப் போடுங்கம்மா. அதுக்குத் தகுந்த லோன் போதும்.” வருகிற லோனைக் குறைத்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபமான கோபம். அந்தக் குறைச்சலுக்காகத்தானே சீட்டு வாசலில் போய் நிற்கவேண்டி வந்தது?

மூடிய ஷட்டர் உங்களுடையதாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை மாஸ்டர்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஒரு வருஷம் அக்கா அந்தக் கடையைத் திறக்கவில்லை. வாடகைக்கு விடலாமா என்று நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு தவணைகூடத் தப்பவில்லை. பேங்கிலிருந்து ஒரு போன் வரவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கும் நீங்கள் அன்றைக்கே வழி செய்துவிட்டுப் போயிருந்தீர்கள். அக்கா மனசு ஆறி, தானாகவே சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது அங்கே ஒரு பெண் மொபைல் ரிப்பேர் செய்கிறாள். வாடகையில் பாதி அக்காவுக்கு.

நேற்று பத்திரத்தை நீட்டிய பேங்க் பையன், “மேல இன்னொரு மாடி கட்டுங்க சார், லோன் நாங்க தர்றோம்” என்கிறான். என்னை சார் என்கிறான் மாஸ்டர்! கட்டத்தான் போகிறோம். அக்கா சம்மதித்துவிட்டார்கள். எல்லா போர்ஷனும் நிரம்பும் என்று அவன் ஒரு கணக்குக் காட்டினான். நான் விடவில்லை. “தம்பி, முதல்ல ஒரு ஷட்டரை மூடு, அப்புறம் கூட்டு” என்றேன். அவன் முழிக்கிறான். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் அவனிடம் மேலே என்ன சொன்னேன் என்றால்...

“ஓனர் காரூ! ட்யாங்கர் வச்சிந்தி!”

தண்ணீர் லாரிக்காரன், லாரி வந்துவிட்டதாம். என்னைத்தான் கூப்பிடுகிறான். ஓனர் என்றால் நாம் இரண்டு பேரும்தானே மாஸ்டர், இதோ நான் போய் அந்தத் தொட்டி மூடியைத் திறந்துவிட்டு